காசறிந்த நண்பர்கள்



நான் சிறு பிள்ளையாக இருந்தபோது என் பாட்டியார் எனக்கு ஒரு காசு கொடுத்தார். நடுவிலே வட்டமாகத் துளையிட்ட செப்புக்காசு அது. ஓட்டைக் காலணா என்று அதற்குப் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஆகவே 1943 முதல் 1947 வரை காலணாவை நடுவில் துளையுடன் அச்சிட்டார்கள். துளைத்த அளவுக்குச் செம்பு மிச்சமாயிற்று. இந்தச் செய்தியெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. “இது செல்லாத காசு, கயிற்றில் கோத்து விளையாடு” என்று பாட்டியார் சொன்னார். நானும் அப்படியே செய்தேன்.

கடையில் செல்லாத காசும் கல்விக்குச் செல்லும் என்பதைப் பின்னாளில் எனக்குக் கற்பித்த நண்பர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களிற் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களையும், அவர்களுக்கு முன்னே அதே வழியில் நடந்து மறைந்த பெரியோர் சிலரையும் நினைவுகூர்வதே இன்றைய பேச்சின் நோக்கம். நினைவுகூர்தல் என்றால் புகழ்ந்து பேசிவிட்டு எழுந்து போவதன்று. அவர்கள் எதை விட்டுச் சென்றார்கள், எதைத் தம்மோடு கொண்டு சென்றுவிட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பதும் அதனுள் அடங்கும். இங்கே கணக்குப் பார்க்கும்போது என் கடன் ஒன்றையும் நான் மறைக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மாணவ நண்பர்களே! ஒரு பழங்காசைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் ஓர் உருவம் இருக்கும். சில எழுத்துகள் இருக்கலாம். ஆனால் அது யாருடைய காசு, எப்போது அடித்தது, எங்கே வழங்கியது என்ற வினாக்களுக்குக் காசு தானாக விடை சொல்வதில்லை. பல காசுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எடையிட்டு, கிடைத்த இடத்தை விசாரித்து, எழுத்தைத் தடவித் தடவிப் படித்து, ஒருவர் கண்டதை மற்றொருவருக்குச் சொல்லி, அவர் அதனை மறுக்க, இவர் மீண்டும் ஆராய, இவ்வாறாகத்தான் நாணயவியல் என்னும் கலை வளர்ந்தது. இக்கலை தனி ஒருவரால் ஆகக்கூடியதன்று. ஒரு கூட்டத்தாரின் உழைப்பால் ஆவது.

இந்தக் கூட்டத்தார் நேரில் ஒருவரையொருவர் கண்டிருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு கல்கத்தா நாணயசாலையில் உலோகத்தின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரியாக ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் இருந்தார். படைவீரர்கள், பொறியாளர்கள், மருத்துவர்கள், ஊர்சுற்றிகள் எனப் பலதிறப்பட்டவர்கள் வடமேற்கு எல்லை வரையிலிருந்து தாங்கள் கண்ட காசுகளையும் அவற்றின் படங்களையும் அவருக்கு அனுப்பிவந்தார்கள். ஆப்கானிஸ்தானத்தில் பெக்ராம் என்னும் இடத்தில் பல்லாயிரக்கணக்கான காசுகளைத் திரட்டிய சார்லஸ் மாசன் கம்பெனிப் படையிலிருந்து ஓடிப்போன ஒரு சிப்பாய். மாசன் என்பது அவர் தாமே வைத்துக்கொண்ட பெயர். அதிகாரியையும் ஓடிப்போன சிப்பாயையும் ஒரே வேலையில் சேர்த்து வைத்தவை அந்தச் சிறு காசுகளே.

அவற்றுட் சிலவற்றில் ஒருபுறம் கிரேக்க எழுத்தும் மறுபுறம் அந்நாளில் யாராலும் படிக்கமுடியாதிருந்த இந்நாட்டு எழுத்தும் இருந்தன. மன்னன் பெயர் கிரேக்கத்தில் தெரிந்தபோது மறுபுறத்து எழுத்துக்கும் ஒரு வழி பிறந்தது. பிரின்செப் 1837-ஆம் ஆண்டு அசோகன் காலத்துப் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டினார். ஓயாத உழைப்பால் அவர் உடல் நலிந்தது. 1840-ஆம் ஆண்டு இலண்டனில் அவர் இறந்தபோது அவருக்கு வயது நாற்பதே. அசோகன் என்ற பெயரை இன்று பள்ளிப்பிள்ளை ஒவ்வொருவரும் அறிவர். அப்பெயரைக் கல்லிலிருந்து மீட்டவர்களின் மேசைமேல் முதலில் காசுகள் கிடந்தன என்பதை அறிந்தவர் சிலரே.

தென்னாட்டுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் ஆட்சிப்பணியில் இருந்தவர் வால்டர் எலியட். ‘தென்னிந்தியக் காசுகள்’ பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1886-ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நூல் உருவானபோது அவர் முதுமையடைந்து கண்பார்வையை ஏறத்தாழ இழந்திருந்தார். ஒளியிருந்த நாளில் கண்டதையெல்லாம் குறித்து வைத்திருந்ததால்தான் ஒளி மங்கிய பின்பு அவரால் நூல் செய்ய முடிந்தது. அடுத்த ஆண்டே, 1887 மார்ச்சு முதல் நாள் அவர் மறைந்தார்.

அந்நூலில் ஒரு பொற்காசின் படம் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் புலி, அதன் முன்னே ஒரு மீன், கிரந்த எழுத்தில் உத்தமசோழன் என்னும் பெயர். இராசராச சோழனுக்கு முன்பு அரியணையில் இருந்தவன் உத்தமசோழன். சோழர் காசுகளுள் பழமையானவற்றைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள் இந்தப் பொற்காசையே எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால், நேயர்களே, அந்தப் பொற்காசு இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. காசு மறைந்துவிட்டது. எலியட் தந்த படமும் குறிப்பும் நிலைத்திருக்கின்றன. கையளவு பொன் காணாமற்போனாலும் விரலளவு மை நமக்குச் சோழர் வரலாற்றின் ஒரு பக்கத்தைக் காத்துக் கொடுத்திருக்கிறது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறான ஒன்றைப் பிறகு சொல்லப்போகிறேன்.

எலியட்டை அடுத்து, வேலூரில் பணியாற்றிய பாதிரியார் லோவெந்தால் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி 1888-இல் ஒரு சிறு நூல் எழுதினார். படைத்தலைவர் டஃப்னெல் தென்னிந்தியாவில் காசு திரட்டுவோர்க்கு வழிகாட்டியாக 1889-இல் ஒரு நூல் எழுதினார். நாணயவியலார்க்கென இந்திய நாணயவியற் கழகம் 1910-ஆம் ஆண்டு அலகாபாதில் தோன்றியது. திருச்சிராப்பள்ளி வழக்கறிஞர் தேசிகாசாரியார் 1933-இல் தென்னிந்தியக் காசுகள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பாதிரியார், படைத்தலைவர், வழக்கறிஞர் என்ற இவர்களுள் ஒருவருக்கும் காசு ஆராய்ச்சி பிழைப்பன்று. ஓய்ந்த நேரத்தைக் கொடுத்து அவர்கள் செய்த தொண்டு அது.

அந்த வரிசையில் நம் காலத்தில் வாழ்ந்து 2021-ஆம் ஆண்டு மறைந்தவர் நாளிதழ் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்ககாலத் தமிழ் மன்னர்கள் தம் பெயர் பொறித்த காசு வெளியிட்டதில்லை என்று நெடுநாள் கருதப்பட்டு வந்தது. 1984-ஆம் ஆண்டு மதுரையில் அவருக்குக் கிடைத்த ஒரு செப்புக்காசு அந்தக் கருத்தை மாற்றியது. அதன் ஒருபுறம் குதிரை. அதனருகே தமிழ்ப் பிராமியில் ‘பெருவழுதி’ என்ற பெயர். மறுபுறம் கோடுகளால் அமைந்த மீன். ஏட்டிலே மட்டும் நாம் கண்டிருந்த பாண்டியர் பெயரை உலோகத்தில் அவர் காட்டினார். பின்னர் 1997-இல் சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றி நூலும் எழுதினார். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை ஆராய்ந்து ஒழுங்குபடுத்திய ஐராவதம் மகாதேவன் 2018-இல் மறைந்தார். ஒருவர் கல்லையும் ஒருவர் காசையும் படித்து, ஒரே பழந்தமிழகத்தை இரு பக்கத்திலிருந்து நமக்கு விளக்கினார்கள்.

பெருவழுதிக் காசின் செய்தி பரவிய காலத்தில்தான், அமராவதி ஆற்றங்கரையில், கரூர்ப் பக்கத்தில், நாங்கள் சிலர் ஒன்றுகூடத் தொடங்கினோம். கரூர் பழைய சேரர் நகரம் என்பதையும், அங்கே சேரர் காசுகளும் உரோமர் காசுகளும் கிடைத்துள்ளன என்பதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள் அந்நாளில் அங்கே இருந்தார்கள். எங்கள் கூட்டத்துக்குத் தலைவரும் இல்லை, சந்தாவும் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் பதினொரு பேர் கூடுவோம். அவர்களில் எழுவர் இன்று இல்லை. எழுவரையும் பற்றிச் சொல்ல நேரமில்லையாதலால் மூவரை மட்டும் சொல்கிறேன்.

முதலாமவர் அந்தத் திண்ணைக்கு உரியவர். ஓய்வுபெற்ற தபால் நிலைய அதிகாரி. நாங்கள் அவரை ஐயா என்றே அழைப்போம். அவரிடம் விலையுயர்ந்த காசு ஒன்றும் இல்லை. ஆனால் அவரிடம் இருந்த ஒவ்வொரு காசும் ஒரு சிறு காகித உறைக்குள் இருந்தது. அதனுடன் ஒரு சீட்டும் இருந்தது. பழைய தபாலட்டையை நான்காக வெட்டி அந்தச் சீட்டுகளைத் தயாரிப்பார். கிடைத்த நாள், கிடைத்த ஊர், கொடுத்தவர் தொழில், எடை, குறுக்களவு, கொடுத்த விலை ஆகிய ஆறும் தவறாமல் அதில் இருக்கும். அந்தக் காசு இன்னதென்று தெரியாவிட்டால், ‘இன்னதென்று தெரியவில்லை’ என்று எழுதி வைப்பார். “தெரியாததை எதற்கு எழுதுகிறீர்கள், ஐயா?” என்று ஒரு நாள் கேட்டேன். “எனக்குத் தெரியவில்லை என்பது பிறகு வருபவனுக்குத் தெரியவேண்டாமா, தம்பி?” என்று அவர் சொன்னார்.

அவர் மறைந்தபின் அவருடைய மகன் அந்தத் தகரப் பெட்டியை ஒரு கல்லூரிக்குக் கொடுத்தார். சில ஆண்டுகள் கழித்து அக்கல்லூரியின் மாணவி ஒருவர் அந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, எந்த ஊரில் எந்த வகைக் காசு மிகுதியாகக் கிடைத்தது என்று தம் ஆய்வேட்டில் ஓர் இயல் எழுதினார். ஐயாவை அந்தப் பெண் கண்டதில்லை. ஆயினும் அவருடைய பெயரை நன்றியுரையில் முதலில் எழுதியிருந்தார்.

இரண்டாமவர் பள்ளியில் ஓவிய ஆசிரியர். காசைவிட ஐந்து மடங்கு பெரிதாக அதன் இரு புறத்தையும் எழுதுகோலால் வரைவார். ஒரு சமயம் அரைமாதச் சம்பளத்தைக் கொடுத்து, சேர மன்னன் தலை பொறித்த வெள்ளிக்காசு என்று நம்பி ஒன்றை வாங்கினார். வரைவதற்காக உற்று நோக்கியபோது அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. பழங்காசு அச்சில் வைத்து அடித்தது. இதுவோ இரண்டு அச்சுகளுக்கிடையே உலோகத்தை உருக்கி வார்த்தது. அச்சுகள் சேர்ந்த இடம்தான் அந்தக் கோடு. அதாவது அது போலி.

வேறொருவராயின் வெட்கப்பட்டு மறைத்திருப்பார். அல்லது வாங்கிய விலைக்கே மற்றொருவர் தலையில் கட்டியிருப்பார். எங்கள் ஓவிய ஆசிரியர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதனை எல்லோர் கையிலும் கொடுத்து, அந்தக் கோட்டை விரல் நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். தம் பேழையில் முதல் இடத்தில் அதனையே வைத்து, ‘இது போலி. நான் ஏமாந்தேன். நீர் ஏமாறவேண்டாம்’ என்று சீட்டு எழுதினார். அவருடைய நல்ல காசுகளை விட அந்தப் போலிக்காசே எங்களுக்கு மிகுதியாகக் கற்பித்தது. பிழையை மறைக்காமல் எழுதி வைப்பவன்தான் அறிஞன் என்பதை அவரிடம் கண்டேன்.

மூன்றாமவரைப் பற்றிச் சொல்வதற்கு எனக்குச் சற்றே தயக்கமாக இருக்கிறது. என் கடன் என்று தொடக்கத்தில் சொன்னது இவரிடம் பட்டதுதான்.

அவர் பழைய பாத்திரங்களை எடைக்கு வாங்கி விற்கும் கடைக்காரர். நாங்கள் அவரை அண்ணா என்போம். கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவருக்கு எழுத்து வராது. ஆனால் காசை அவர் அறிந்தது போல் எங்களில் எவரும் அறியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இது யானைக்காசு, இது வில்லம்புக் காசு என்பார். காசின்மேல் படிந்த பச்சைக் களிம்பையும் மண்ணின் நிறத்தையும் பார்த்து, இது ஆற்றில் கிடந்தது, இது மேட்டு நிலத்தில் புதைந்திருந்தது என்று பிரித்துச் சொல்வார். மணல் சலிப்பவர்களும் உழவர்களும் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். எந்தத் துறையிலிருந்து வந்ததோ, எந்த ஊரிலிருந்து வந்ததோ, அந்த இடத்துக் காசுகளைத் தனித்தனியே வண்ணத் துணியில் முடிந்து வைப்பார். சிவப்புத் துணி ஒரு துறை. மஞ்சள் துணி ஒரு மேடு. நீலக் கட்டம் போட்ட துணி ஒரு கிராமம். அவருடைய ஏடு அந்தத் துணி முடிச்சுகளே. அவற்றைப் படிக்கும் அகராதி அவர் நெஞ்சில் இருந்தது.

ஒரு நாள் அவரே என்னை அழைத்து, “தம்பி, ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். ஒவ்வொரு முடிச்சும் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லிக்கொண்டே போகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். வருகிறேன் அண்ணா என்றேன். அந்த மாதம் தேர்வுத் தாள் திருத்த வேண்டியிருந்தது. அடுத்த மாதம் வீட்டில் ஒரு திருமணம். அதற்கு அடுத்த மாதம் மழை. மழையில் நனையக்கூடிய தொலைவுகூட இல்லை. நாலு தெரு தாண்டினால் அவர் வீடு. எனினும் நான் போகவில்லை. ஒரு விடியற்காலையில் மார்வலி வந்து அவர் இறந்துவிட்டார்.

பதினாறாம் நாள் கழித்து அவருடைய பிள்ளைகள் என்னை வரச்சொன்னார்கள். நல்ல பிள்ளைகள், தந்தையின் பொருளை அவர் நண்பர்களுக்குத் தரவேண்டும் என்று நினைத்தவர்கள். உருக்குபவரிடம் போட்டிருந்தால் பணமாவது கிடைத்திருக்கும். அதையும் அவர்கள் செய்யவில்லை. ஒரு செப்புக் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார்கள். குடம் நிறையக் காசுகள். “துணியெல்லாம் அழுக்காகவும் கிழிசலாகவும் இருந்தன, ஐயா. அவிழ்த்துக் குடத்தில் கொட்டிவிட்டோம்” என்று மூத்தவர் சொன்னார். அவர்கள்மேல் குற்றமில்லை. முடிச்சு அவிழ்வதற்கு முன்பு எழுதிக்கொள்ளவேண்டியவன் நான்.

நேயர்களே! எலியட்டின் பொற்காசைச் சற்று நினைத்துப் பாருங்கள். அங்கே காசு போயிற்று; அறிவு நின்றது. இங்கே ஏறக்குறைய இரண்டாயிரம் காசுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவற்றைப் பற்றிய அறிவு முழுவதும் போயிற்று. எது பெரிய இழப்பு என்று கேட்டால், இரண்டாவதே பெரிய இழப்பு என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கிடைத்த இடம் தெரிவதில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். 1898-ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையில் 501 உரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசர்களின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. ஒரு காசு மட்டும் அவ்வாறு கிடைத்திருந்தால், யாரோ ஒருவர் கைப்பிழை என்று விட்டிருப்போம். நூற்றுக்கணக்கான காசுகளில் ஒரே விதமான வெட்டு இருப்பதால், அது வேண்டுமென்றே செய்தது என்று தெரிகிறது. அவை காசாக மீண்டும் கைமாறாமல் பொன்னாகவே மதிக்கப்படவேண்டும் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்பது அறிஞர் சிலர் கருத்து. எந்த விளக்கத்தைக் கொண்டாலும், அவை ஒரே இடத்தில் ஒன்றாகக் கிடைத்தன என்ற குறிப்பு இல்லாமல் இந்த ஆராய்ச்சியையே தொடங்கியிருக்க முடியாது. காசு ஒரு சொல் என்றால், அது கிடைத்த இடம்தான் வாக்கியம். வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்த சொல்லுக்கு அகராதிப் பொருள் உண்டு. அதனைச் சொன்னவன் கருத்து இல்லை.

மாணவ நண்பர்களே! உங்களில் காசு திரட்டும் பழக்கம் உள்ளவர்கள் பலர் இருப்பீர்கள். அதற்குச் சேரர் காசும் சோழர் காசும் வேண்டும் என்பதில்லை. பதினாறு அணா ஒரு ரூபாய் என்றிருந்த கணக்கு மாறி, 1957 ஏப்பிரல் முதல் நாள் நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்றாயிற்று. 1964-இல் நயா என்ற அடைமொழியும் நீங்கியது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011-ஆம் ஆண்டு சூன் மாத இறுதியோடு செல்லாதவை ஆயின. உங்கள் வீட்டுப் பூசையறைச் சிமிழிலோ அரிசிப் பானையின் அடியிலோ அவை இப்போதும் இருக்கும். அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

தொடங்கும்போது, மறைந்த என் நண்பர்களிடம் கற்ற சில நெறிகளை நினைவில் வையுங்கள். காசு கையில் வந்த அன்றே அதற்குச் சீட்டு எழுதுங்கள். பளபளப்பாக வேண்டும் என்று புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். இன்று பலர் கையில் படம் பிடிக்கும் கைப்பேசி இருக்கிறது. இரு புறமும் படம் எடுப்பது நல்லதே. ஆனால் குறிப்பில்லாத படம், முகவரியில்லாத கடிதத்தைப் போன்றது. போலியைக் கண்டால் மறைக்காதீர்கள். நிலத்தில் புதையலாகக் காசு கிடைத்தால் அதனை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அதனை அச்சத்துக்காக மட்டுமன்றி அறிவுக்காகவும் கடைப்பிடியுங்கள். சிதறிப்போகாத புதையல்தான் வரலாறு பேசும்.

எங்கள் திண்ணைக் கூட்டத்தில் எஞ்சியிருக்கும் நால்வரும் இன்றும் சந்திக்கிறோம். தைப் பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மறைந்தவர் ஒவ்வொருவருக்கும் அவர் வைத்திருந்த காசுகளில் ஒன்றை மேசைமேல் வைத்து, அதற்கு அவர் எழுதிய சீட்டை ஒருவர் படிப்பது வழக்கம். ஐயாவின் சீட்டைப் படிக்கும்போது அவரே எதிரில் அமர்ந்து எடை சொல்வது போலிருக்கும். ஓவிய ஆசிரியர் சீட்டைப் படிக்கும்போது எல்லோரும் சிரிப்போம். அண்ணாவின் முறை வரும்போது அந்தச் செப்புக் குடத்தை வைப்போம். படிப்பதற்குச் சீட்டு இல்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அடுத்தவருக்குப் போவோம்.

சில ஆண்டுகளாக நான் ஒரு வேலை செய்துவருகிறேன். அந்தக் குடத்துக் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அண்ணா என்றோ ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னது எதாவது நினைவுக்கு வருகிறதா என்று பார்க்கிறேன். கொம்பு முறிந்தது போன்ற யானை உருவம் உள்ள காசு ஒன்று. அது எந்தத் துறையில் கிடைத்தது என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. விளிம்பு நெளிந்த காசு ஒன்று. அதைக் கொண்டுவந்த கிழவியைப் பற்றி அவர் சொன்னது நினைவிருக்கிறது. இதுவரை பத்தொன்பது காசுகளுக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும், ‘பிறர் சொல்லக் கேட்டது, பல ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதியது, உறுதியன்று’ என்று சேர்த்து எழுதுகிறேன். இரண்டாயிரத்தில் பத்தொன்பது. கடன் தீர்ந்துவிடவில்லை என்பதை அறிவேன்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் காசு அறிந்தவராக இருக்கலாம். பழம்பாட்டு அறிந்தவராக இருக்கலாம். ஏரி மதகின் கணக்கோ மூலிகையின் பெயரோ அறிந்தவராக இருக்கலாம். உங்கள் பாட்டியாராகவே இருக்கலாம். ‘ஒரு நாள் வா, சொல்கிறேன்’ என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். மழையாக இருந்தாலும் குடை பிடித்துக்கொண்டு போங்கள்.